விளக்கு எரிகிறது, நெட் வரவில்லை: வீலேன் கோளாறுகளை அறிகுறியிலிருந்து பிடிப்பது

அம்பத்தூர் தொழிற்பேட்டை, கிண்டி, தி.நகர், ஓஎம்ஆர் என்று சென்னையில் நான் பார்த்துக்கொள்ளும் சின்ன, நடுத்தர அலுவலகங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இப்போது வீலேன் இருக்கிறது, அதாவது கேபிள்கள் வந்து சேரும் ஒரே நெட்வொர்க் சுவிட்சைப் பல தனி வலைகளாகப் பிரிக்கும் முறை. ஒரே சுவிட்சுக்குள் கணக்குப் பிரிவுக்கு ஒரு வலை, கேமராவுக்கு ஒரு வலை, வந்துபோகிறவர்களின் வைஃபைக்கு ஒரு வலை. கேபிளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரிவினை முழுக்க சுவிட்சின் அமைப்புக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் கோளாறு வரும்போது அலுவலகத்தில் இருப்பவர்கள் தவித்துப்போகிறார்கள்: கேபிள் நன்றாக இருக்கிறது, அது செருகிய இடத்தில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் குறையில்லை, ஆனாலும் நெட் வரவில்லை.

இதே அழைப்புகளுக்குப் பல வருடம் ஓடியதில் ஒன்று புரிந்தது. வீலேன் கோளாறை நான் கண்டுபிடித்த இடம் பெரும்பாலும் இரண்டு கருவிகள் சேரும் முனைதான். ஒரு முனை 20 என்று அனுப்புகிறது, எதிர் முனைக்கு 20 என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் கேபிளின் இரண்டு முனையையும் பார்க்கச் சொல்வேன். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று முடிவு செய்ததால் நான் வீணாக்கிய மணிநேரங்கள் அதிகம்.

மூன்று சொற்கள் மட்டும் தெரிந்தால் போதும். போர்ட் என்றால் சுவிட்சில் கேபிள் செருகும் ஓட்டை. ஆக்சஸ் போர்ட் ஒரே ஒரு வீலேனைச் சேர்ந்தது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அதில்தான் செருகப்படும். டிரங்க் போர்ட் பல வீலேன்களை ஒரே கேபிளில் கடத்தும், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட டேக் ஒட்டி. டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த வீலேனில் சேர்ப்பது என்று சொல்லும் எண்ணுக்கு சிஸ்கோ கம்பெனி சுவிட்சில் நேட்டிவ் வீலேன் என்று பெயர், மற்ற பல சுவிட்சுகளில் பிவிஐடி. டேக் ஒட்டும் முறை 802.1க்யூ என்ற பொதுத் தரம் என்பதால் வேறு வேறு கம்பெனி சுவிட்சுகளும் ஒன்றோடொன்று பேசும். பயன்படுத்தக்கூடிய எண்கள் 1 முதல் 4094 வரை.

கீழே உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 10 அலுவலகம், 20 கணக்குப் பிரிவு, 30 கேமரா, 40 போன், 50 விருந்தினர் வைஃபை. 10-க்கு 192.168.10 என்று தொடங்கும் ஐபி முகவரி, 20-க்கு 192.168.20, அப்படியே மற்றவையும்.

## கை வைக்கும் முன்

சுவிட்சின் இப்போதைய அமைப்பை ஒரு ஃபைலாக இறக்கி வையுங்கள். எந்த கேபிள் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தெரியும்படி ரேக்கை, அதாவது சுவிட்ச் வைத்திருக்கும் அலமாரியை, செல்போனில் படம் எடுங்கள். லேப்டாப் ஒன்று, நிச்சயமாக வேலை செய்யும் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் பிளக் உள்ள சின்ன கேபிள்) ஒன்று கையில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அது பலிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கு மாற்றங்களைச் சேர்த்துச் செய்து, எது உடைத்தது எது சரி செய்தது என்று தெரியாமல் நிற்கும் அலுவலகத்தைச் சரி செய்வது முதல் கோளாறைவிடக் கடினம்.

## அறிகுறி 1: ஒரு மேசைக்கு மட்டும் நெட் இல்லை

### விளக்கே எரியவில்லை என்றால்

இது வீலேன் சமாசாரம் இல்லை. பேட்ச் கார்டை மாற்றுங்கள். அப்புறம் சுவர் சாக்கெட், அப்புறம் சுவர்க் கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலின் பின்பக்கம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றில் சாக்கெட்டின் ஊசிகள் பச்சை பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாரிமுனையின் பழைய கட்டடங்களில் எலி கடித்த கேபிள். ரிச்சி தெருவில் கேபிள் வாங்கினால் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவுதான், ஆனால் வளைத்தால் உள்ளே ஒடியும், கேமராவுக்கும் போனுக்கும் கேபிள் வழியே கரண்ட் கொடுத்தால் சூடாகும்.

கேபிளில் குறை இல்லை என்றால் சுவிட்ச் தானே போர்ட்டை அடைத்திருக்கலாம். சிஸ்கோவில் "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்" போட்டால் அந்த வரியில் "எர்-டிசேபிள்டு" என்று இருக்கும். யாரோ மேசைக்கடியில் குட்டி சுவிட்ச் வைத்தார்கள், அல்லது அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் கருவி சேர்த்தார்கள் என்பது இதற்கு வழக்கமான காரணம். காரணத்தை அகற்றிவிட்டு போர்ட்டை ஒருமுறை மூடித் திறங்கள். காரணத்தை அகற்றாமல் திறந்தால் சில நிமிடத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

### விளக்கு எரிகிறது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது

கம்ப்யூட்டர் முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை. எளிமையிலிருந்து இந்த வரிசையில் போங்கள்.

முதலில், பக்கத்து மேசையின் வேலை செய்யும் கேபிளை இந்தக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். முகவரி வந்தால் கம்ப்யூட்டரில் குறையில்லை, போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் கம்ப்யூட்டரில் யாரோ கைப்பட முகவரி எழுதி வைத்தார்களா, நெட்வொர்க் கார்டு அமைப்பில் வீலேன் எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

போர்ட்தான் என்றால் அது எந்த வீலேனில் இருக்கிறது என்று பாருங்கள். சிஸ்கோவில் "ஷோ வீலேன் பிரீஃப்". அந்தப் பட்டியலில் உங்கள் போர்ட்டே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: அது டிரங்காக இருக்கிறது, அல்லது அது சேர்ந்திருந்த வீலேனை யாரோ அழித்துவிட்டார்கள். வீலேனை அழித்தால் அதன் போர்ட்டுகள் தானாக 1-க்குத் திரும்பாது. எங்கும் சேராமல் தொங்கும். வீலேனை அதே எண்ணில் மறுபடி உருவாக்கினால் அவை உயிர் பெறும்.

வெப் பக்கத்தில் அமைக்கும் குறைந்த விலை சுவிட்ச் என்றால் இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நான் போன இடங்களில் மிக அதிகம் பார்த்த தவறு இதுதான். பலவற்றில் ஒரு போர்ட்டை வீலேனில் சேர்க்கும் பக்கம் வேறு, பிவிஐடி எண் போடும் பக்கம் வேறு. முதல் பக்கத்தில் போர்ட் 5-ஐ 20-இல் அன்டேக்டு (டேக் இல்லாமல்) என்று சேர்த்துவிட்டு, இரண்டாவது பக்கத்தை மறந்துவிடுவார்கள். அப்போது சுவிட்ச் 20-இன் சேதிகளை கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். கம்ப்யூட்டர் அனுப்புவதையோ 1-இல் கொட்டும், ஏனென்றால் பிவிஐடி இன்னும் 1. போர்ட்டை 1-இலிருந்து எடுத்துவிட்டிருந்தால் பதில் திரும்பி வர வழியில்லை, 169.254 வரும். எடுக்கவில்லை என்றால் 1-இன் முகவரி வரும், அதாவது அறிகுறி 2. இரண்டுக்கும் தீர்வு ஒன்று: பிவிஐடி 20, 20-இல் அன்டேக்டு, 1-இலிருந்து நீக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.

போர்ட் சரி என்றால், அந்த வீலேனின் வேறொரு போர்ட்டில் லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். அங்கேயும் 169.254 வந்தால் இது ஒரு மேசையின் கோளாறு இல்லை, அறிகுறி 3-க்குப் போங்கள்.

### முகவரி வருகிறது, ஆனால் அரை நிமிடம் கழித்துத்தான்

காலையில் கம்ப்யூட்டர் போட்டதும் நெட் இல்லை, கேபிளைக் கழற்றிச் செருகினால் கொஞ்ச நேரத்தில் வருகிறது என்பார்கள். லூப்பை (சேதி நிற்காமல் வட்டமடிப்பதை) தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ, புதிதாக உயிர் பெறும் போர்ட்டை 15 வினாடி கேட்டு, 15 வினாடி கற்று, அதன் பிறகே திறக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் முகவரி கேட்டு அலுத்துவிடும். கம்ப்யூட்டர் செருகும் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட், சில கம்பெனிகளில் எட்ஜ் போர்ட், போடுங்கள். இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் போடாதீர்கள்.

## அறிகுறி 2: முகவரி வருகிறது, ஆனால் வேறு வீலேனின் முகவரி

கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார், முகவரி 192.168.10 என்கிறது. டாலி சர்வர் திறக்கவில்லை.

போர்ட் மாறியிருக்கலாம். மேசைகளை இடம் மாற்றும்போது பேட்ச் கார்டையும் மாற்றியிருப்பார்கள். நீங்கள் எடுத்து வைத்த ரேக் படம் இங்கே உதவும்.

வீட்டு ரவுட்டரை யாராவது கொண்டுவந்திருக்கலாம். முகவரி 192.168.0 அல்லது 192.168.1 என்று உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்றாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். வைஃபை சரியாக எட்டவில்லை என்று ஒரு நல்ல எண்ணத்தில் செய்திருப்பார்கள். ரவுட்டரின் லேன் ஓட்டையில் அலுவலகக் கேபிளைச் செருகிவிட்டால், அது அந்த வீலேன் முழுக்க முகவரி வழங்க ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டரில் "ஐபிகான்ஃபிக் ஆல்" போட்டால் முகவரி கொடுத்த டிஎச்சிபி சர்வர் யார் என்று வரும். "ஏஆர்பி" பட்டியலில் அதன் மேக் முகவரியை (கருவியிலேயே பதிந்த எண்) எடுங்கள், எந்த மேக் எந்த போர்ட்டில் என்று காட்டும் சுவிட்சின் மேக் டேபிளில் தேடுங்கள், போர்ட் கிடைத்துவிடும். அந்த போர்ட்டிலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தால் ரவுட்டர் இருக்கும்.

இது மறுபடி நடக்காமல் இருக்க, நம்பாத போர்ட்டிலிருந்து முகவரி வழங்குவதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் நல்ல வழி. ஆனால் அதைப் போடும் முன் உண்மையான டிஎச்சிபி சர்வர் இருக்கும் பக்கத்து அப்லிங்க்கை (முதன்மை சுவிட்சுக்குப் போகும் இணைப்பை) "டிரஸ்ட்" என்று குறித்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு ஸ்னூப்பிங்கை மட்டும் போட்டால், சுவிட்ச் சரியான சர்வரின் பதிலையும் திருடனுடையது என்று நினைத்துத் தூக்கியெறியும். பழைய முகவரி காலாவதி ஆகும் வரை எல்லோரும் வேலை செய்வார்கள். அடுத்த நாள் காலையில் ஒவ்வொருவராக விழ ஆரம்பிப்பார்கள். நேற்று செய்த மாற்றத்தை இன்றைய கோளாறோடு யாரும் சேர்த்து யோசிக்க மாட்டார்கள்.

இரண்டு சுவிட்சுகளின் நேட்டிவ் வீலேன் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரு முனையில் நேட்டிவ் 1, எதிர் முனையில் 10 என்றால், இந்தப் பக்கம் 1-இல் கிளம்பியது அந்தப் பக்கம் 10-இல் போய் விழும். இரண்டும் சிஸ்கோ என்றால் சுவிட்சின் பதிவேடான லாகில் "நேட்டிவ் வீலேன் மிஸ்மேட்ச்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும். வேறு வேறு கம்பெனி என்றால் சத்தமே இருக்காது, நீங்கள்தான் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு வீலேன்களை ஒரு கேபிள் இணைத்திருக்கலாம். மேசைக்கடியில் ஒரு குட்டி சுவிட்ச், அதில் 10-இன் சாக்கெட்டிலிருந்தும் 20-இன் சாக்கெட்டிலிருந்தும் கேபிள். அப்போது ஒரு நாள் 10, ஒரு நாள் 20 என்று முகவரி மாறி மாறி வரும். இப்படி மாறி மாறி வருகிறது என்று கேட்டாலே நான் முதலில் மேசைக்கடியில் குனிந்து பார்ப்பேன்.

இந்த நான்கும் இல்லை, இன்னும் தவறான முகவரிதான் வருகிறது என்றால், மணிக்கணக்கில் தேடாமல் நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள். கணக்குப் பிரிவு மற்றவர்கள் வலையில் கலந்து கிடப்பது பாதுகாப்புக்கும் கேடு.

## அறிகுறி 3: ஒரு மாடிக்கு ஒரு வீலேன் மட்டும் வரவில்லை

மூன்றாவது மாடியில் அலுவலக வலை வேலை செய்கிறது, கேமரா மட்டும் இல்லை. அதாவது கேபிள் சரி, அப்லிங்க் சரி, டிரங்க்கில் 30 மட்டும் எங்கோ தடைப்பட்டிருக்கிறது.

சிஸ்கோவில் இதற்கு "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்" என்ற ஒரே கட்டளை போதும். அது வீலேன் எண்களை மூன்று பட்டியலாகக் காட்டும். உங்கள் எண் எந்தப் பட்டியலில் காணாமல் போகிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

முதல் பட்டியல், டிரங்க்கில் அனுமதிக்கப்பட்டவை. 30 இங்கேயே இல்லை என்றால் யாரும் அதை அனுமதிக்கவில்லை. சேர்த்துவிட்டு எதிர் முனையிலும் சேருங்கள்.

இரண்டாவது, அனுமதிக்கப்பட்டு இந்த சுவிட்சில் உயிரோடும் இருப்பவை. முதலில் இருந்து இங்கே இல்லை என்றால் இந்த சுவிட்சில் வீலேன் 30 உருவாக்கப்படவே இல்லை. நடுவில் இருக்கும் சுவிட்சில்தான் இது அடிக்கடி நடக்கும். அதில் கேமரா எதுவும் செருகவில்லையே, எதற்கு 30 என்று விட்டுவிடுவார்கள். கடந்துபோகும் சுவிட்சிலும் வீலேன் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, உண்மையிலேயே டிராஃபிக் ஓடுபவை. இரண்டாவதில் இருந்து இங்கே இல்லை என்றால் ஸ்பானிங் ட்ரீ அடைத்திருக்கிறது, அல்லது விடிபி (வீலேன் பட்டியலை சுவிட்சுகளுக்கு இடையே பரப்பும் சிஸ்கோ முறை) தன் ப்ரூனிங் வசதியால் வெட்டியிருக்கிறது. மாற்றுப் பாதை இருக்கும் வலையில் ஒரு பக்கம் அடைபட்டிருப்பது இயல்பு, எல்லாப் பக்கமும் அடைபட்டிருந்தால்தான் கோளாறு.

மற்ற கம்பெனி சுவிட்சில் இப்படி ஒரே இடத்தில் கிடைக்காவிட்டாலும் கேள்விகள் இவையேதான்: அனுமதி இருக்கிறதா, வீலேன் இருக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா. டிரங்க் போர்ட் அந்த வீலேனில் டேக்டு என்று இருக்க வேண்டும். அன்டேக்டு என்று இருந்தால் எதிர் சுவிட்சுக்கு எண் இல்லாமல் போய்ச் சேரும்.

### ஒரு வீலேனைச் சேர்த்தேன், மற்றதெல்லாம் போய்விட்டது

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நல்ல அனுபவசாலிகளையும் விழவைத்திருக்கிறது, என்னையும் சேர்த்து. சிஸ்கோவில் "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் 30" என்று அடித்தால் 30 சேராது. இருந்த பட்டியல் முழுக்க அழிந்து 30 மட்டும் மிஞ்சும். "வீலேன்" என்பதற்கும் 30-க்கும் நடுவே "ஆட்" என்ற சொல் வேண்டும். கிண்டியில் ஓர் அலுவலகத்தின் அப்லிங்க்கில், மதியம் மூன்று மணிக்கு, வேறொரு இடத்திலிருந்து நான் அந்தச் சொல்லை விட்டேன். அடுத்த நொடி எனக்கும் அந்த சுவிட்சுக்கும் தொடர்பு இல்லை. மழையில், சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு பைக்கில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அறுபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து தொலைவிலிருந்து டிரங்க்கைத் தொடும் முன் "ரீலோட் இன் 10" அடித்துவிடுகிறேன். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமித்து வைத்த பழைய அமைப்புக்குத் திரும்பும். மாற்றம் சரியாக இருந்தால் "ரீலோட் கேன்சல்" போட்டுவிட்டு, பிறகு சேமிக்கலாம். மாற்றத்தைச் சோதிக்கும் முன் சேமித்துவிடாதீர்கள், சேமித்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

### பழைய சுவிட்ச் ஒன்றைச் சேர்த்ததும் எல்லா மாடியிலும் வீலேன்கள் மாறிவிட்டன

வேறு கிளையிலிருந்து எடுத்து வந்த சிஸ்கோ சுவிட்சில் விடிபி ஓடிக்கொண்டிருந்து, டொமைன் பெயரும் ஒன்றாக இருந்து, அதன் திருத்த எண் உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால், அது தன் வீலேன் பட்டியலை எல்லா சுவிட்சிலும் எழுதிவிடும். விடிபியின் முதல் இரண்டு பதிப்புகளில் இந்த ஆபத்து உண்டு. உடனே அந்த சுவிட்சைக் கழற்றுங்கள். கழற்றினால் மட்டும் பழையது திரும்பி வராது. அழிந்த வீலேன்களை எண் மாறாமல் மறுபடி உருவாக்க வேண்டும். எண் பட்டியல் கையில் இல்லை என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை எந்தப் பழைய சுவிட்சையும் வலையில் சேர்க்கும் முன் விடிபியை டிரான்ஸ்பரன்ட் ஆக்குங்கள், திருத்த எண் பூஜ்ஜியமாகிவிடும்.

## அறிகுறி 4: தன் வீலேனுக்குள் எல்லாம் வேலை செய்கிறது, வெளியே போகவில்லை

மூன்று பிங் (எதிரில் இருப்பது பதில் தருகிறதா என்ற சோதனை) போதும், இந்த வரிசையில்: தன் கேட்வே (வீலேனுக்கு வெளியே போகும் வாசல்), எதிர் வீலேனின் கேட்வே, எதிர் வீலேனில் இருக்கும் கருவி.

தன் கேட்வே பதில் தரவில்லை. கம்ப்யூட்டரில் கேட்வே எண்ணும், சப்நெட் (அந்த வீலேனின் முகவரித் தொகுதி) எதுவரை என்று சொல்லும் சப்நெட் மாஸ்க்கும் சரியா என்று பாருங்கள். அப்புறம் ரவுட்டரில் அல்லது லேயர் 3 சுவிட்சில் (வீலேன்களுக்கு இடையே ரவுட்டர் வேலையும் செய்யும் சுவிட்ச்) அந்த வீலேனுக்கான இன்டர்ஃபேஸ் திறந்திருக்கிறதா என்று. லேயர் 3 சுவிட்சில் வீலேன் இன்டர்ஃபேஸ் உயிரோடு இருக்க, அந்த வீலேனில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருக்க வேண்டும். புதிய வீலேனை அமைத்துவிட்டு ஒன்றையும் செருகாமல் சோதித்தால் "டவுன்" என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம்.

தன் கேட்வே வருகிறது, எதிர் கேட்வே வரவில்லை. லேயர் 3 சுவிட்சில் ரூட்டிங் திறக்கப்படவில்லை; சிஸ்கோவின் பல மாடல்களில் "ஐபி ரூட்டிங்" என்று கைப்பட அடிக்க வேண்டும். அல்லது நடுவில் இருக்கும் ஃபயர்வாலில் விதி இல்லை.

இரண்டு கேட்வேயும் வருகின்றன, கருவி மட்டும் வரவில்லை. எதிர் கருவியின் கேட்வே காலியாக அல்லது தவறாக இருக்கும். கைப்பட முகவரி எழுதிய பிரிண்டரிலும் கேமராவிலும் இது வழக்கம்: கேள்வி போய்ச் சேருகிறது, பதில் அனுப்ப வழி தெரியவில்லை. எதிரில் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் அதன் ஃபயர்வால் தன் சப்நெட்டுக்கு மட்டும் பிங் பதில் தந்து, மற்ற சப்நெட்டுக்கு மௌனமாக இருக்கலாம். அதனால் பிங் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பகிர்ந்த ஃபோல்டரைத் திறந்தும் பாருங்கள்.

உள்ளே எல்லாம் வருகிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை. புதிய வீலேன் சேர்த்த மறுநாள் வரும் அழைப்பு இது. இன்டர்நெட் ரவுட்டருக்கு 192.168.20 எங்கே இருக்கிறது என்று தெரியாது. லேயர் 3 சுவிட்சை நோக்கி ஒரு திரும்பும் ரூட் எழுதுங்கள், உள் முகவரியை இன்டர்நெட் முகவரியாக மாற்றும் என்ஏடி பட்டியலிலும் புதிய சப்நெட்டைச் சேருங்கள். இரண்டில் ஒன்றை மறந்தாலும் இன்டர்நெட் வராது.

முகவரியே வரவில்லை, ஆனால் கைப்பட எழுதினால் வேலை செய்கிறது என்றால், டிஎச்சிபி சர்வர் வேறு வீலேனில் இருக்கிறது. முகவரி கேட்கும் குரல் ஒரு வீலேனைத் தாண்டாது. அந்த வீலேனின் கேட்வேயில், அந்தக் குரலை சர்வருக்குக் கடத்தும் டிஎச்சிபி ரிலே, சிஸ்கோவில் "ஐபி ஹெல்பர் அட்ரஸ்", எழுதுங்கள். சர்வரில் அந்த சப்நெட்டுக்கு ஸ்கோப் (வழங்க வேண்டிய முகவரிகளின் வரம்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபயர்வால் விதிகளில் கை வைக்க வேண்டிய கட்டம் வந்தால் அதை அமைத்தவரையே கூப்பிடுங்கள். "எல்லாம் எல்லோருக்கும் அனுமதி" என்று ஒரு விதி போட்டால் கோளாறு தீர்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் கேமராவையும் விருந்தினரையும் தனியாகப் பிரித்ததன் பயன் அந்த ஒரு வரியில் போய்விடும்.

## அறிகுறி 5: பிரிண்டர் பட்டியலில் தெரியவில்லை

பிரிண்டருக்கு பிங் போகிறது, ஆனால் "பிரிண்டர் சேர்" என்றால் தெரியவில்லை. கோளாறு எதுவும் இல்லை. பிரிண்டர்கள் தங்களை அறிவிக்கும் எம்டிஎன்எஸ் முறை ஒரு வீலேனுக்குள் மட்டும் கேட்கும். முகவரியை நேரடியாக எழுதிச் சேருங்கள். செல்போனிலிருந்தும் பிரிண்ட் வேண்டும் என்றால் ரவுட்டரிலோ வைஃபை கன்ட்ரோலரிலோ எம்டிஎன்எஸ் ரிப்பீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 6: அலுவலக வைஃபை சரி, விருந்தினர் வைஃபையில் நெட் இல்லை

வைஃபை கொடுக்கும் கருவியான ஆக்சஸ் பாயிண்ட் செருகிய போர்ட், ஆக்சஸ் போர்ட்டாக இருக்கிறது. அலுவலக வைஃபை டேக் இல்லாமல் போகிறது, அதனால் ஓடுகிறது. விருந்தினர் வைஃபை 50 என்ற டேக்கோடு போகிறது, போர்ட் அதை ஏற்கவில்லை. போர்ட்டை டிரங்க் ஆக்குங்கள், நேட்டிவ் 10, அனுமதியில் 10, 50 இரண்டும். ஆக்சஸ் பாயிண்டில் அந்த எஸ்எஸ்ஐடிக்கு (வைஃபை பெயருக்கு) எழுதிய எண் 50-தானா என்றும் பாருங்கள். ஒரு ஆக்சஸ் பாயிண்ட் பக்கம் மட்டும் வரவில்லை என்றால் அந்த ஒரு போர்ட். எல்லா இடத்திலும் வரவில்லை என்றால் அறிகுறி 3.

காலையில் வருகிறது, மதியத்துக்கு மேல் புதிதாக வருபவர்களுக்கு வரவில்லை என்றால் முகவரி தீர்ந்துவிட்டது. சாதாரண சப்நெட்டில் 254 முகவரிகள்தான். விண்டோஸ் சர்வரில் ஒரு முகவரியின் குத்தகை மாற்றாத வரை 8 நாள். அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் வந்துபோனவரின் செல்போன் 8 நாள் இடம் பிடித்திருக்கும். விருந்தினர் வீலேனில் குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள், செலவே இல்லை.

## அறிகுறி 7: போன் பதிவாகவில்லை, அல்லது குரல் ஒரு பக்கம் மட்டும்

போனுக்கு 192.168.10 முகவரி வந்திருந்தால் அதற்குத் தன் வீலேன் தெரியவில்லை. போர்ட்டில் வாய்ஸ் வீலேன் 40 எழுதியிருக்கிறதா, போனுக்கு அந்த எண்ணைச் சொல்லும் எல்எல்டிபி சுவிட்சில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மாற்றத்தைப் பல போன்கள் ரீஸ்டார்ட் ஆனால்தான் ஏற்கும்.

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒருவர் குரல் மட்டும் கேட்கிறது என்றால் வீலேன் பிரிவு சரி. அழைப்பைத் தொடங்கும் சேதியும் குரலும் வேறு வேறு போர்ட் எண்ணில் போகின்றன. ஃபயர்வால் முதலாவதை விட்டு இரண்டாவதைத் தடுக்கிறது. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (போன் சேதிகளை நடுவில் திருத்தும் வசதி) இருந்தால் நிறுத்திப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் போன் அமைப்பைப் பார்ப்பவரும் ஃபயர்வாலைப் பார்ப்பவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

## அறிகுறி 8: கரண்ட் போய் வந்த பிறகு வீலேன் எல்லாம் கலைந்திருக்கிறது

பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்திய கரண்ட் மதியம் வரும். யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. கரண்ட் வந்ததும் சுவிட்ச் எழுந்து, மூன்று மாதத்துக்கு முன் செய்த மாற்றங்களை மறந்திருக்கும். யாரோ மாற்றினார்கள், சேமிக்கவில்லை. சிஸ்கோவில் "ரைட் மெமரி", வெப் சுவிட்சில் மூலையில் இருக்கும் "சேவ்" பொத்தான். "அப்ளை" வேறு, "சேவ்" வேறு. கரண்ட் நிறுத்தும் அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது, முந்தின மாலை ஒருமுறை எல்லா சுவிட்சிலும் சேமித்து, ஃபைலையும் இறக்கி வைத்துவிடுங்கள்.

சேமித்தும் ஒரு சுவிட்ச் ஒவ்வொரு முறையும் புதிதுபோல எழுந்தால் அதன் நினைவகம் போய்விட்டது. மாற்ற வேண்டியதுதான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தள ரேக்குகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவன் என்ற முறையில், புதிய சுவிட்ச் வாங்கும் செலவோடு ரேக்கை இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். நனைந்த சுவிட்சைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள்.

## அறிகுறி 9: அலுவலகம் முழுக்கத் திணறுகிறது, எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கிறது

லூப். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே வலையில் செருகப்பட்டிருக்கிறது. மேசைக்கடி குட்டி சுவிட்ச், அல்லது ஐபி போனின் இரண்டு ஓட்டையும் சுவரில். ஒரு வீலேனில் லூப் வந்தாலும் டிரங்க் கேபிள் எல்லோருக்கும் பொது என்பதால் எல்லோரும் சேர்ந்து திணறுவார்கள்.

முதன்மை சுவிட்சில் மாடிகளுக்குப் போகும் அப்லிங்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அமைதியாகின்றனவோ, அந்த மாடி. அங்கே போய் அதே மாதிரி போர்ட் போர்ட்டாக. லாகைப் பார்க்க முடிந்தால், ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவுகிறது என்று எழுதியிருக்கும், அந்த இரண்டையும் பாருங்கள். கண்டுபிடித்த பிறகு மேசை போர்ட்டுகள் எல்லாவற்றிலும் பிபிடியூ கார்டு (ஸ்பானிங் ட்ரீயின் சேதி உள்ளே வந்தால் அந்த போர்ட்டை மூடும் காவல்) போடுங்கள், அடுத்த லூப் அந்த ஒரு போர்ட்டோடு நின்றுவிடும். அரை மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் கூப்பிட்டுவிடுங்கள்; மொத்த அலுவலகமும் நிற்கும்போது வருகைக் கட்டணம் பெரிய தொகை இல்லை.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை

வருபவர் முதல் ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலும் எந்த கேபிள் எங்கே போகிறது என்று தேடுவதில் கழிப்பார், அதற்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள். ஒரு தாளில் இவ்வளவு எழுதி ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்: வீலேன் எண், அதன் பெயர், சப்நெட், கேட்வே எந்தக் கருவியில், டிஎச்சிபி எந்தக் கருவியில், எந்த போர்ட்டுகள் டிரங்க், அவற்றின் நேட்டிவ் எண். சுவிட்சின் பாஸ்வேர்டு தாளில் வேண்டாம், பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். கடைசியாக இறக்கிய அமைப்பு ஃபைல், அது எந்தத் தேதியினுடையது. கோளாறு எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முந்தின நாள் யார் எதை மாற்றினார்கள், எந்த மேசை இடம் மாறியது. நீங்கள் இதுவரை என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.